ரோஜாவின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. தோட்ட வேலை இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. இரண்டு வருடமாகச் செடிகளுக்குள் போனாலே அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு. புல் வெட்டும் நாளிலும் மக்கிய உரம் சலிக்கும் நாளிலும் ரொம்ப மோசம். இடையிடையே விரல்களில் சிவந்து, வெடித்து, நீர் கசிகிறது. அலர்ஜி மாத்திரை போட்டால் மதியம் வரை தூக்கம். ரோஜாச் செடிகளை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுத்துவிடட்டுமா டாக்டர்?

பதில்: வேண்டாம். ரோஜா மாட்டிக்கொண்டதற்குக் காரணம், அது கண்ணுக்குத் தெரிவதுதான்.

நிறமும் மணமும் காட்டிப் பூச்சியை அழைக்கிற பூக்களின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. தேனீயின் காலில் ஒட்டிக்கொண்டு போகுமே தவிர, காற்றில் அதிகம் மிதக்காது. (கடும் வாசனை சிலருக்கு மூக்கை உறுத்தும். அது எரிச்சல், ஒவ்வாமை இல்லை.) தும்ம வைப்பது பெரும்பாலும் காற்றை நம்பி மகரந்தத்தை அள்ளி வீசும் புல்லும் சில மரங்களும்தான். புல் பூப்பதை நாம் ஒரு பூவாகவே மதிப்பதில்லையே! சார்லஸ் பிளாக்லி என்ற இங்கிலாந்து மருத்துவருக்கும் இதே தொல்லை இருந்தது. புல்லின் மகரந்தத்தைத் தன் மூக்கிலேயே இட்டும், தோலைக் கீறித் தடவியும் பார்த்து, குற்றவாளி அதுதான் என்று 1873-ல் எழுதினார். இன்று நாங்கள் செய்யும் தோல் பரிசோதனைக்கு அதுதான் முன்னோடி.

உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. புல் வெட்டும் நாளில் மோசம் என்றால் மகரந்தம். உரம் சலிக்கும் நாளில் மோசம் என்றால் பூஞ்சை. காய்ந்த உரத்தைச் சல்லடையில் போட்டு ஆட்டும்போது, வெயில் பட்டால் புகைபோல ஒன்று எழும் பாருங்கள். அதில் மண்தூசி மட்டுமில்லை, பூஞ்சை வித்துகளும் ஏராளம். முகத்தை அதன் மேலேயே வைத்துக்கொண்டுதான் எல்லோரும் சலிக்கிறோம், நானும் அப்படித்தான் சலித்துக்கொண்டிருந்தேன். இனி, முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். என்-95 முகக்கவசம் போடுங்கள், கைக்குட்டை போதாது. ஆஸ்துமா இருந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

புல்லைப் பூக்க விடாமல் வெட்டிவிடுங்கள், முடிந்தால் வேறொருவரை வைத்து. காற்றடிக்கும் வறண்ட நாளில் களை பிடுங்குவதைத் தள்ளிப்போட்டு, மழை தூறி ஓய்ந்த பிறகு இறங்கலாம். உள்ளே வந்ததும் உடை மாற்றி, முகமும் தலைமுடியும் கழுவுங்கள். தலையில் ஒட்டிய மகரந்தம் இரவு தலையணைக்குப் போய்விடும்.

விரல் விஷயம் வேறு கதை. தும்மல் சில நிமிடங்களில் வரும். இந்த வகைத் தோல் அழற்சியோ, சாறு பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத் தலைகாட்டும். அதனால்தான் ஞாயிறன்று கிள்ளிய செடியை விட்டுவிட்டு, செவ்வாயன்று தொட்ட செடியைத் திட்டுவோம். சாமந்தி, சூரியகாந்தி, பார்த்தீனியம் எல்லாம் ஒரே குடும்பம், தோலைப் பதம் பார்ப்பதில் பேர் போனவை. உங்களிடம் சாமந்தி இருந்தால் என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். துணிக் கையுறை சாற்றை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும், நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் கையுறை வாங்குங்கள்.

அடுத்து மாத்திரை. உங்களைத் தூங்க வைப்பது அனேகமாகப் பழைய வகை, குளோர்பெனிரமின் போன்றது. லோராட்டடின், பெக்ஸோபெனடின் வகைகளில் தூக்கம் குறைவு. பெக்ஸோபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்காதீர்கள், உடலில் சேரும் அளவு குறைந்துவிடும், தண்ணீர்தான் சரி. உங்களைப்போல மாதக்கணக்கில் அவதிப்படுபவர்களுக்கு மாத்திரையைவிட ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே நன்றாகக் கேட்கும். ஆனால் அது தலைவலி மாத்திரை மாதிரி உடனே வேலை செய்யாது, முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே "பிரயோஜனம் இல்லை" என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் போகும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு, அதை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களுக்குள்ள மற்ற நோய்களையும் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மூச்சில் விசில் சத்தமோ நெஞ்சிறுக்கமோ இருந்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். தேனீயோ குளவியோ கொட்டி உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ அலர்ஜி மாத்திரையை நம்பி உட்காராதீர்கள். அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து, உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

தும்மலுக்கான காரணத்தை உறுதி செய்யத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை போதும், 20 நிமிடத்தில் முடிவு தெரியும். விரல் புண்ணை அது காட்டாது, அதற்கு முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைக்கும் பட்டைப் பரிசோதனை வேண்டும். குத்தும் பரிசோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை.