முரசு நீராடப் போயிருந்த நேரம்

கேள்வி: நண்பர்கள் நால்வர் ஞாயிறுதோறும் கூடி, அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடத்தில் அட்டைச் சில்லுகளை நகர்த்தி வாட்டர்லூ போரை ஆடுகிறோம். மற்ற நாட்களில் கணினியில் போர் விளையாட்டு. ஆட்டத்துக்குச் சூடேற்றப் பின்னணி இசையாக எதை வைக்கலாம்? சாய்கோவ்ஸ்கியின் ‘1812’ பொருந்துமா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: ‘பின்னணி’ என்ற சொல்லைத் தாண்டி உங்கள் கேள்விக்குள் நுழைய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அணி என்பதற்குப் படை வகுப்பு என்றும் பொருள் உண்டு. அந்தக் கணக்கில் பின்னணி என்பது படையின் பின்வரிசை. பின்வரிசைக்குப் பழந்தமிழில் கூழை என்று பெயர். முன்பொரு முறை இதே பக்கத்தில், பின்னணி இசையைக் கூழையிசை என்று அழைக்கலாமே என்று எழுதப்போய், ‘கூழைக்கும்பிடு போடுகிற இசை என்கிறீரா?’ என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை. தொலைக்காட்சித் தொடரில் மருமகள் பால் தம்ளரைக் கையில் எடுத்தவுடன் மூன்று திசையிலிருந்தும் இடி இடிக்கிறதே, அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கடிதக்காரர்கள் சொன்னதே சரி என்று படுகிறது.

போர்க்களத்தில் இசை கும்பிடு போட்டதில்லை, கட்டளை போட்டது. வெடிமருந்துப் புகையில் கொடி கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் முன்னேறு, நில், திரும்பு என்று சொன்னவை தம்பட்டமும் எக்காளமுந்தான். நீங்கள் ஆடும் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். நெப்போலியனின் காலாட்படை நெருங்கி வரும்போது தம்பட்டக்காரர்கள் அடித்த பாய்ச்சல் தாளத்துக்கு, எதிரே நின்ற ஆங்கிலேயச் சிப்பாய்கள் ‘பழைய கால்சட்டை’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வயிற்றைக் கலக்கும் ஒன்றுக்குத்தான் மனிதன் இப்படிக் கேலிப்பெயர் வைப்பான். 1815 ஜூன் 18 அன்று, ஸ்காட்லாந்தின் 79ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கென்னத் மெக்கே என்ற பேக்பைப் (தோற்பை வைத்து ஊதும் குழல்) கலைஞர், குதிரைப்படைக்கு எதிராக அமைத்த சதுர வியூகத்தைவிட்டு வெளியே வந்து, ஊதிக்கொண்டே நடந்தார். அவர் ஊதிய மெட்டின் பெயருக்குப் ‘போரா, சமாதானமா’ என்று பொருள். அது பின்னணி அன்று. முன்னணிக்கும் முன்னால் நின்ற அணி.

நம் பக்கத்திலும் பகைவனின் முரசைக் கவர்வது அவன் அரசைக் கவர்வதற்கு ஒப்பாக இருந்தது. போர் இசைக்குப் பக்கத்தில் நிம்மதியாக ஓய்வெடுத்தவராக எனக்குத் தெரிந்தவர் சங்கப் புலவர் மோசிகீரனார் ஒருவரே. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில், அதாவது போர் முரசுக்கென்றே உள்ள புனிதக் கட்டிலில், அறியாமல் ஏறி உறங்கிவிட்ட அவரை வெட்டாமல், மன்னன் விசிறி எடுத்து வீசினான் என்று புறநானூற்றின் 50ஆம் பாட்டில் அவரே சொல்கிறார். எல்லோரும் மன்னனின் பெருந்தன்மையை வியக்கிறார்கள். நான் வியப்பது வேறு: முரசு அப்போது நீராடப் போயிருந்தது. அதனால்தான் புலவருக்குத் தூக்கம் வந்தது.

இனி, ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி பீரங்கி வெடிகளையும் சேர்த்து எழுதிய ‘1812’. அது வாட்டர்லூவைப் பற்றியதே அன்று. நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பைப் பற்றியது, எழுதப்பட்டதோ 1880இல். அதில் பிரெஞ்சுக்காரர்களுக்காக ஒலிக்கும் மார்செய்யேஸ் என்ற பிரெஞ்சுப் புரட்சிப் பாடலை நெப்போலியன் தன் பேரரசின் கீதமாக வைத்துக்கொள்ளவில்லை. ரஷ்யர்களுக்காக ஒலிக்கும் ஜார் மன்னர் கீதம் 1833இல்தான் இயற்றப்பட்டது. சாய்கோவ்ஸ்கியே அதை இரைச்சலான படைப்பு என்றும், அன்பில்லாமல் எழுதியது என்றும் தம் புரவலருக்குக் கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இவ்வளவும் தெரிந்த பிறகும் அது கேட்கச் சுகமாக இருக்கிறது என்பது வேறு விஷயம். வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற ஆங்கிலேயத் தளபதி வெல்லிங்டன் பெயரைத் தாங்கியிருக்கிறதே என்று பீத்தோவனின் ‘வெல்லிங்டனின் வெற்றி’யைத் தேடி ஓடவும் வேண்டாம்; அது 1813இல் ஸ்பெயினில் நடந்த விட்டோரியாப் போருக்காக எழுதியது.

ஆண்டுக் குழப்பத்தைக்கூட மன்னித்துவிடலாம்; நேரக் குழப்பத்தை மன்னிக்க முடியாது. பலகை ஆட்டத்தில் ஒரு தாக்குதல் என்பது, இரு தரப்பின் பலத்தையும் கூட்டி, மூன்றுக்கு ஒன்றா இரண்டுக்கு ஒன்றா என்று விகிதம் கண்டு, மேட்டுக்கும் ஆற்றுக்கும் கழித்து, பகடையை உருட்டி, விளைவு அட்டவணையில் விரலை ஓட்டி, பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டிச் சண்டை போடுவது. ‘1812’இன் பீரங்கி முழக்கம் எட்டும் நேரத்தில் உங்களில் ஒருவர் அடுக்களையில் போண்டாவைச் சூடாக்கிக்கொண்டிருப்பார். இறுதித் தாக்குதலுக்கு நெப்போலியனின் காவற்படை கிளம்பும் நேரத்திலோ ஒலிபெருக்கியில் இரண்டு புல்லாங்குழல்கள் ஆற்றங்கரையில் உலாவும். ஒலிப்பெட்டிக்கு உங்கள் பலகை தெரியாது.

கணினிக்குத் தெரியும். 1978இல் ஜப்பானிலிருந்து வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்துக்கு இருந்த இசை திரும்பத் திரும்ப ஒலிக்கும் நான்கு சுரம் மட்டுமே. எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவர்கள் வேகமெடுப்பார்கள், சுரங்களும் அவர்களுடன் ஓடும், ஆடுகிறவன் நெஞ்சும் ஓடும். 1990களின் தொடக்கத்தில் லூகாஸ்ஆர்ட்ஸ் என்ற கணினி ஆட்ட நிறுவனத்தின் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும், ஆட்டத்தின் போக்குக்கேற்ப இசை இடையிலேயே வழுவாமல் தடம் மாறும் ஏற்பாட்டைச் செய்து அதற்கு ஐமியூஸ் என்று பெயரிட்டார்கள். ‘டோட்டல் வார்’ வரிசை ஆட்டங்களில் படைகள் மோதும்வரை ஓர் இசை, மோதியபின் இன்னோர் இசை. ஆகவே கணினியில் நீங்களாக எதையும் வைக்காதீர்கள் என்பதே என் பதில். அலுத்துப்போய் மாற்றியே தீருவேன் என்றால், இசையை மட்டும் நிறுத்துங்கள். குளம்பொலியையும் வெடியொலியையும் விட்டுவையுங்கள். எந்தப் பக்கவாட்டில் எதிரி வருகிறான் என்பதைப் பல சமயம் அவைதான் முதலில் சொல்கின்றன.

பலகைக்கு என் யோசனை, இசைக்கு மனநிலையை உண்டாக்கும் வேலையைக் கொடுக்காமல், பழைய தம்பட்டக்காரனின் வேலையையே கொடுப்பது. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1914இல் எழுதத் தொடங்கிய ‘கோள்கள்’ தொகுப்பில் முதலாவதான செவ்வாய், காலடிக்கு ஒத்துவராத ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடும். அதைக் கடிகாரமாக வையுங்கள்: இசை முடிவதற்குள் நகர்த்தாத படை, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அரை மணி நேரம் மோவாயைத் தடவும் நண்பர் உங்கள் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்; அவருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. மற்றபடி, சொற்கள் உள்ள பாட்டு வேண்டாம். எண்ணிக்கொண்டிருக்கும் தலைக்குள் சொல் நுழைந்தால் கூட்டல் தவறும்.

பீத்தோவனிடம் கடன் வாங்கவும் ஒன்று உண்டு. அவர் இரு படைகளுக்கும் தனித்தனி மெட்டுக் கொடுத்து, எந்தத் தரப்பின் பீரங்கி எப்போது வெடிக்க வேண்டும் என்பதைக்கூடக் குறித்திருக்கிறார். பிரெஞ்சுத் தரப்பின் மெட்டு, உலகமெங்கும் ‘ஹி இஸ் எ ஜாலி குட் ஃபெல்லோ’ என்று பாடப்படும் அதே மெட்டு. தோற்றதும் அது சோர்ந்து, நொண்டி நொண்டி ஓய்கிறது. நீங்களும் ஆளுக்கொரு மெட்டு வைத்துக்கொண்டு முறை மாறும்போது ஒலிக்க விடலாம். தோற்றவருக்கு அந்த நொண்டலை இரண்டு தரம் போடலாம்.

‘1812’ஐயும் விட மனமில்லை என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. ஆட்டம் முடிந்து சில்லுகளைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கப் பதினைந்து நிமிடம் ஆகும்; அதுவும் அவ்வளவு நேரமே ஓடும். எழுதியவர் அதில் 16 பீரங்கி வெடிகள் குறித்திருக்கிறார். பதினாறாவதற்குப் பெட்டி மூடியிருக்க வேண்டும்.