ஒரே குடும்பம், வேறு வேறு நோய்: எலி மலேரியா கேள்வி பதில்

எலிகளுக்கும் மலேரியா உண்டா என்று ஒருவர் கேட்கப்போய், கேள்விகள் அடுத்தடுத்து வந்து குவிந்துவிட்டன. இந்த ஒட்டுண்ணிகளோடு ஆய்வகத்தில் பல ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதுகலை விலங்கியல் மாணவி: ஐயா, எலி மலேரியா ஒட்டுண்ணிகளான பிளாஸ்மோடியம் பெர்கையும் பிளாஸ்மோடியம் சபாடியும் நெருங்கிய உறவினங்கள் என்று படித்தேன். பெர்கை ஏற்றிய சுண்டெலி வலிப்பு வந்து சாகிறது. சபாடி ஏற்றியது பிழைத்துக்கொள்கிறது. ஏன்?

இரண்டும் எந்த அணுவைத் தேடிப் போகின்றன என்று முதலில் பாருங்கள். பெர்கைக்குப் பிடித்தது எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளம் சிவப்பணு, அதாவது ரெட்டிகுலோசைட். சபாடி பெரும்பாலும் முதிர்ந்த அணுக்களில் குடியேறும். சபாடிக்குக் கடிகாரமும் உண்டு. 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடிக்கும். வெடிக்கும் முன் கல்லீரலிலும் நுரையீரலிலும் ஒதுங்கிக்கொள்ளும். நேரம் தவறி ஸ்லைடு எடுத்தால் கணக்கு குறைந்துதான் தெரியும். பெர்கைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. எந்த நேரம் பார்த்தாலும் எல்லாப் பருவமும் கலந்திருக்கும்.

ஆனால் வலிப்புக்கு இது மட்டும் காரணமில்லை. பெர்கையின் ஆங்கா திரிபை (திரிபு என்றால் ஒரே இனத்துக்குள் இருக்கும் வகை) சி57 கறுப்புச் சுண்டெலியில் ஏற்றினால், ஆறாம் நாள் வாக்கில் முடி சிலிர்த்து, நடை தள்ளாடி, பிறகு வலிப்பு வந்து இறந்துபோகும். அந்த நேரத்தில் ரத்தத்தைப் பார்த்தால் நூறு சிவப்பணுவில் பத்துப் பதினைந்தில்கூட ஒட்டுண்ணி இருக்காது. சபாடியில் உச்சத்தின்போது அதைவிட அதிகக் கூட்டம் இருந்தும் அதே கறுப்பு எலி தாக்குப்பிடிக்கிறது. ஆகவே கொல்வது எண்ணிக்கை இல்லை. எலியின் சொந்த நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான சிடி8 டி அணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் வந்து குவிந்து, அவற்றின் சுவரைக் கசியவைக்கின்றன. நோய் தொடங்கும் முன் அந்த அணுக்களை நீக்கிவிட்டால் எலிக்கு மூளை மலேரியா வருவதில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அதே மாணவி: அப்படியானால் பெர்கை என்றாலே மூளை மலேரியா என்று எழுதலாமா?

எழுதாதீர்கள், மதிப்பெண் போய்விடும்! அதே ஆங்கா திரிபை பால்ப்-சி என்ற வெள்ளைச் சுண்டெலியில் ஏற்றினால் பெரும்பாலும் மூளை தப்பிவிடும். மூன்றாவது வாரம் வாக்கில் ஒட்டுண்ணி பெருகி, ரத்தம் சுண்டி, சோகையில் சாகும். எலியை மாற்றாமல் திரிபை மாற்றி என்கே65 கொடுத்தாலும் வேறு நோய். சபாடியும் சாது என்று நினைக்க வேண்டாம். ஏ/ஜே வகை எலியை அது கொன்றுவிடும். ஒட்டுண்ணியின் இனம், அதன் திரிபு, எலியின் மரபு வகை மூன்றையும் சேர்த்துச் சொல்லாத எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

ஆய்வு மாணவர்: யோயெலி என்ற இன்னோர் எலி மலேரியா ஒட்டுண்ணி, 17எக்ஸ் என்று எழுதிய இரண்டு குழாய்களில் எங்கள் உறைபெட்டியில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

தம்பி, இந்தக் கேள்வியை நான் முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் ஒரு கூண்டு எலி பிழைத்திருக்கும். பரிசோதனை நாலு வாரம் என்று திட்டமிட்டு ஏற்றினேன். ஒரு வாரம்தான் தாண்டியது, அத்தனையும் செத்துக் கிடந்தன. குழாயின் மேல் எழுத்து பாதி அழிந்திருந்தது, நானாக ஊகித்துக்கொண்டேன்.

17எக்ஸ்என்எல் சாகடிக்காத வகை. இளம் சிவப்பணுக்களில் மட்டும் பெருகி, மூன்று நாலு வாரத்தில் தானாக அடங்கும். 17எக்ஸ்எல், ஒய்எம் இரண்டும் சாகடிக்கும் வகைகள். இளமை, முதுமை பாராமல் எல்லா அணுவிலும் புகும். இவற்றுக்கு இடையிலான பேதத்தில் பெரும்பங்கு எதில் இருக்கிறது தெரியுமா? சிவப்பணுவைப் பற்றிக்கொள்ள உதவும் ஈபிஎல் என்ற புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதில். அந்த மாற்றத்தால் புரதம் ஒட்டுண்ணிக்குள் வழக்கமான இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. சகோதர இனங்களை விடுங்கள், ஒரே இனத்துக்குள் ஓர் எழுத்துப் பிழை சாதுவைக் கொலைகாரனாக்கியிருக்கிறது.

உங்கள் குழாய்களைச் சோதித்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

பள்ளி ஆசிரியர்: இவை எல்லாம் எங்கிருந்து வந்தன? காட்டு எலிகளும் இப்படித்தான் சாகின்றனவா?

பெர்கையை 1948இல் பெல்ஜிய காங்கோவின் கட்டாங்கா பகுதியில், புதர்களில் வாழும் ஓர் எலியின் ரத்தத்தில் வின்கேயும் லிப்ஸும் கண்டார்கள். சபாடியையும் யோயெலியையும் 1960களில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலிருந்து கொண்டுவந்தவர் ஐரீன் லாண்டோ. அங்கே மரமேறும் எலிகளில் இவை நெடுநாள் ஒட்டிக்கொண்டு வாழும், பெரிதாகக் கொல்வதில்லை. ஆய்வகச் சுண்டெலி இவற்றின் இயற்கையான வீடே இல்லை. நாம் காணும் கொடிய நோயில் ஒரு பங்கு நாம் செய்த இடமாற்றத்தால் வந்தது.

கொசு வளர்ப்பு அறை ஊழியர்: ஸ்டீபென்சி கொசுவுக்கு பெர்கை கொடுத்தோம். 27 டிகிரியில் வைத்திருக்கிறோம். உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒன்றுமே இல்லை. கொசு கெட்டதா?

கொசு நல்ல கொசு. சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளில் வளர்ந்து மலேரியா பரப்புகிற அதே இனம்தான். அறைதான் சூடு. பெர்கை கட்டாங்காவின் குளிர்ந்த மேட்டுநிலத்துக்காரன், 19 முதல் 21 டிகிரி வேண்டும். யோயெலிக்கு 24 அளவில் போதும். சபாடி இன்னும் கொஞ்சம் சூட்டை விரும்பும். மூன்றையும் ஒரே அறையில் வைத்து வளர்க்கப் பார்ப்பது ஊட்டிக் காய்கறியை ராமநாதபுரத்தில் பயிரிடுவது மாதிரி.

மருத்துவர்: எலியின் மூளை மலேரியாவை வைத்து மனித மூளை மலேரியாவைப் பற்றிப் பேசலாமா?

இதில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். மனிதரில் பால்சிபாரம் என்ற மனித மலேரியா ஒட்டுண்ணி ஏறிய சிவப்பணுக்களே மூளை நுண்குழாய்களில் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. அதற்கு அவை பயன்படுத்தும் பிஎஃப்ஈஎம்பி1 புரதம் பெர்கையிடம் கிடையாது. எலியின் மூளையில் அதிகம் காணப்படுவது வெள்ளணுக்கள். எலியைக் காப்பாற்றிய பல சிகிச்சைகள் மனிதரிடம் எடுபடவில்லை. ஆனாலும் மலேரியாவில் இறந்த குழந்தைகளின் மூளைக் குழாய்களிலும் சிடி8 அணுக்களைப் பின்னர் பார்த்திருக்கிறார்கள். என் கட்சி இது: குழாய்ச் சுவர் எப்படிக் கசிகிறது என்று கற்க எலி நல்லது, எந்த மருந்து கொடுப்பது என்று தீர்மானிக்க எலி போதாது.

ஒட்டுண்ணியையே கொல்லும் மருந்து என்றால் கதை வேறு. சீன விஞ்ஞானி தூ யூயூ 1971இல் மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் சாற்றைச் சோதித்தது பெர்கை ஏறிய எலிகளிலும் சைனோமோல்கை என்ற குரங்கு மலேரியா ஒட்டுண்ணி ஏறிய குரங்குகளிலும்தான்.

வாசகர்: குரங்குகளிலும் இதே வேறுபாடு உண்டா?

உண்டு, இன்னும் பளிச்சென்று. நோலெசி என்ற குரங்கு மலேரியா ஒட்டுண்ணி நீள்வால் மக்காக் குரங்கில் லேசாக வந்து தங்கும். அதையே நம் ஊர் ரீசஸ் குரங்கில் ஏற்றினால் சில நாட்களில் கொல்லும். சைனோமோல்கை, மனிதருக்கு வரும் வைவாக்ஸ் மலேரியா போலக் கல்லீரலில் உறங்கிக் கிடந்து மறுபடி எழும். கோட்னியை என்ற இன்னொரு குரங்கு ஒட்டுண்ணி பால்சிபாரம் போல உள்ளுறுப்புகளில் ஒட்டிக்கொள்ளும்.

விலங்கு அறைப் பணியாளர்: எலி கடித்துவிட்டது. எனக்கு மலேரியா வருமா?

வராது. பெர்கை மனிதரின் கல்லீரல் வரை போகலாம், ஆனால் மனித ரத்தத்தில் பெருகாது. அந்தக் குணத்தை நம்பியே அதை மரபணு மாற்றித் தன்னார்வலர்களுக்குத் தடுப்பூசியாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடித்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசிக்கு மருத்துவரைப் பாருங்கள். நோலெசி வைத்திருக்கும் குரங்கு அறையில் வேலை என்றால் இந்தத் தைரியம் கூடாது. அது மனிதருக்கு வரும். 2004இல் மலேசியாவின் சரவாக்கில் பலருக்கு வந்திருந்தது தெரிந்தது.

ஆய்வு மாணவர் மீண்டும்: சபாடியை வருடக்கணக்காக எலிக்கு எலி ஊசியில் மாற்றி வருகிறோம். முன்பைவிடக் கடுமையாக இருக்கிறது.

கொசு வழியே ஒருமுறை அனுப்புங்கள். 2013இல் வந்த ஆய்வு அதைத்தான் காட்டியது: ஊசியால் முறுக்கேறிய சபாடி, கொசுவுக்குள் போய் வந்ததும் தணிந்தது.

ஒரு அம்மா: என் மகன் எலிகளுக்குப் பால் மட்டும் கொடுத்தானாம், மலேரியா ஏறவில்லையாம். பால் மருந்தா?

மருந்து இல்லை, பட்டினி! ஒட்டுண்ணிக்கு ஃபோலேட் என்ற சத்தைச் செய்ய பாரா-அமினோபென்சாயிக் அமிலம் வேண்டும், பாலில் அது மிகக் குறைவு. 1952லேயே லிவர்பூலில் பெர்கை ஏறிய எலிகளில் கண்டது இது. வழக்கமான தீவனத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள், ஒட்டுண்ணியும் சாப்பிட வந்துவிடும்.