குளியலறைத் துண்டு ஏணி: கேள்விகளும் பதில்களும்

குளியலறைச் சுவரில் சாய்த்து வைத்து ஈரத் துண்டுகளை உலர்த்தும் சிறிய மர ஏணியைத் தாமே செய்துகொள்ள விரும்பிக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கேட்டவர்களுக்கு, மர வேலையைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். படங்களில் நாம் காணும் ஏணிகளில் பெரும்பாலானவை தரை நனையாத குளியலறைகளுக்காகச் செய்யப்பட்டவை. வாளியில் நீர் மொண்டு குளிக்கும் நம் வீடுகளில் தரை நாளில் பாதி நேரம் ஈரமாகவே இருப்பதால், ஏணியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் கால்தான். கீழே உள்ள பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

நாகர்கோவிலிலிருந்து: அண்ணாச்சி, அளவுகள் என்ன? எவ்வளவு மரம் வாங்க வேண்டும்?

பக்கச் சட்டங்கள் இரண்டும் ஐந்தரை அடி நீளம், இரண்டரை அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம் இருந்தால் போதும். குறுக்குக் கட்டைகள் ஒன்றேகால் அங்குல விட்டத்தில் ஐந்து வேண்டும். தரையிலிருந்து ஓரடியில் முதற்கட்டையையும், பின்னர் அடிக்கு ஒன்றாக மற்றவற்றையும் வையுங்கள். சட்டங்களுக்கு இடையே 18 அங்குலம் இருக்கட்டும். இழைத்து முடித்த பின் நிற்கும் மரம் கால் கன அடிக்குச் சற்றுக் கூடுதல்தான் என்றாலும், அறுப்பிலும் இழைப்பிலும் போகும் கழிவைச் சேர்த்து அரை கன அடி வாங்குங்கள். நனைந்த தேங்காய்ப்பூத் துண்டின் எடையை இந்தக் கனம் எளிதில் தாங்கும். இதைவிடத் தடிமனாகச் செய்தால் ஏணி கனக்குமே தவிர வேறு பயன் இல்லை.

குலசேகரத்திலிருந்து: எங்கள் தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரம் கிடக்கிறது. அதிலேயே செய்யலாமா?

வேண்டாம், தம்பி. ரப்பர் மரத்தில் பூஞ்சையையும் வண்டையும் எதிர்க்கும் வைரப்பகுதி, அதாவது மரத்தின் உறுதியான உட்பகுதி, இல்லை. வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாரிக்கத் தொடங்கிவிடும். தொழிற்சாலைகளில் போராக்ஸும் போரிக் அமிலமும் ஏற்றிப் பதப்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த உப்புகள் நீரில் கரையக்கூடியவை. வரவேற்பறை நாற்காலிக்கு நன்றாக உழைக்கும் அந்த மரம், நாள்தோறும் நனையும் இடத்தில் தன் காப்பைச் சிறிது சிறிதாக இழந்துவிடும்.

மார்த்தாண்டத்திலிருந்து: தேக்கு, அயனி, பலா ஆகிய மூன்றில் எது நல்லது?

தேக்கின் வைரம் தன் இயல்பான எண்ணெய்ப் பசையால் ஈரத்தையும் சிதலையும் (கறையானையும்) தாங்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. என் தேர்வு அயனி. படகுக்கும் வீட்டுக்கும் நம் பகுதியில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் மரம் அது. தேக்கைவிட விலை குறைவு, இந்த அளவுச் சிறு வேலைக்கு உறுதியில் குறைவில்லை. எந்த மரமாக இருந்தாலும் வெளிப்புற வெள்ளைப் பகுதி கலந்திருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் தேக்கின் வெள்ளையும் மற்ற மரங்களின் வெள்ளையைப் போலவே உளுத்துப் போகும்.

பலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உறுதியான, அழகான மரம்தான். ஆனால் அதன் வைரத்தில் உள்ள மஞ்சள் நிறம் துணிக்குச் சாயம் ஏற்றவே பயன்பட்ட ஒன்று. பௌத்தத் துறவிகளின் ஆடைக்குப் பலாச் செதிலைக் கொதிக்கவைத்து நிறம் ஏற்றியிருக்கிறார்கள். பூச்சு எங்கேனும் தேய்ந்தால் உங்கள் வெள்ளைத் துவர்த்தில் (துண்டில்) அந்த மஞ்சள் ஏறிவிடும்.

தக்கலையிலிருந்து: பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது எடுத்த உத்திரக் கட்டைகள் இருக்கின்றன. அறுத்துப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்துங்கள். பல ஆண்டுகள் கூரைக்குக் கீழே காய்ந்த மரம் இனி எளிதில் முறுக்கிக்கொள்ளாது. புதிதாக அறுத்த மரத்தில் அந்த நம்பிக்கையை வைக்க முடியாது. அறுவைக்குக் கொடுப்பதற்கு முன் காந்தத்தை நெடுக ஓட்டிப் பார்த்து, உள்ளே புதைந்த ஆணிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கருமை பரவியிருந்தால் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

தக்கலையிலிருந்து மற்றொருவர்: நான் செய்த ஏணியின் கால் ஓராண்டுக்குள் கறுத்து மெத்தென்று ஆகிவிட்டது. மேலே மரம் நன்றாகத்தான் இருக்கிறது. காரணம் என்ன?

மரத்தின் நார்கள் நீளவாக்கில் மெல்லிய குழல்களாக ஓடுகின்றன. பக்கவாட்டில் நனையும் மரம் மேலோட்டமாகத்தான் ஈரமாகும். குறுக்கே வெட்டிய முகமோ தரையில் தேங்கிய நீரை நேராக மேலே இழுத்துக்கொள்ளும். நீங்கள் சட்டத்தின் பக்கங்களுக்கு வார்னிஷ் அடித்து அடிமுகத்தை விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் ஏணியை நிறுத்தி வைத்து வண்ணம் அடிப்பவர்கள் பெரும்பாலும் அந்த முகத்தைத்தான் மறக்கிறார்கள். கீழே ஏறிய நீர் பக்கங்களின் பூச்சால் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, மரம் அழுகுகிறது.

மெத்தென்ற பகுதியை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி நீக்குங்கள். பிறகு ஏணியைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்சிப் பசையைக் கலந்து வெட்டுமுகத்தில் தடவுங்கள். முதற்பூச்சை மரம் குடித்துவிடும், ஆகவே அது இறுகியதும் இன்னொரு முறை தடவ வேண்டும். அதன் மேல் கால் அங்குலக் கனமுள்ள ரப்பர்த் துண்டையோ நைலான் குமிழையோ பொருத்துங்கள். ரப்பர் குல்லாயைக் காலில் மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை, குல்லாய்க்குள் புகுந்த நீர் வெளியே வராது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் தாழ்வாரத் தூணைத் தரையில் ஊன்றாமல் கல்லின் மேல் நிறுத்தியிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இன்னும் நல்ல வழி, காலைத் தரையில் வைக்காமலே ஏணியைச் சுவரில் தொங்கவிடுவது. குளிக்கும் இடமும் துண்டு உலர்த்தும் இடமும் மூன்றடிக்குள் இருக்கும் சிறு குளியலறைகளுக்கு நான் இதையே சொல்வேன்.

குழித்துறையிலிருந்து: என்னிடம் உளி, இழைப்புளி எதுவும் இல்லை, கையில் பிடிக்கும் டிரில் மட்டும் இருக்கிறது. இணைப்புகளை எப்படிச் செய்வது?

கடையிலேயே சட்டங்களை இழைத்தும் கட்டைகளை உருட்டியும் வாங்கிவிட்டால் டிரில் போதும். இரண்டு சட்டங்களையும் ஒட்டி வைத்துக் கட்டி, செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தால் ஒரே கோடாக இரண்டிலும் குறியிடுங்கள். அகலமான முகத்தின் நடுவில் ஒன்றேகால் அங்குலத் துளையை ஐந்தெட்டு அங்குல ஆழத்துக்கு மட்டும் இறக்குங்கள். ஆழம் தவறாமலிருக்க டிரில் பிட்டில் ஒட்டுநாடாவைச் சுற்றி அடையாளம் வைக்கலாம். மறுபக்கம் வரை துளைத்தால் கட்டையின் வெட்டுமுகம் வெளியே தெரியும், அந்த வழியாகவும் நீர் ஏறும். இந்தக் கணக்கில் ஒவ்வொரு கட்டையும் 19¼ அங்குலம் வரும். நீரைத் தாங்கும் மரைன் வகைப் பசையைத் துளைக்குள் தடவி இறுக்கிய உடனே, மூலைக்கு மூலை இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் சமமாக வரும்வரை ஏணியைத் தள்ளிச் சரிசெய்ய உங்களுக்குச் சில நிமிடங்களே உண்டு.

அதே நண்பர்: காலைச் சாய்வாக வெட்டும் கோணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கோணம் தேவையில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்து, காலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். மெல்லிய பலகைத் துண்டு ஒன்றைத் தரையில் படுக்கவைத்து, அதன் மேல் பென்சிலை வைத்து நகர்த்திக் காலைச் சுற்றிக் கோடு இழுத்தால், தரைக்கு இணையான வெட்டுக்கோடு தானாகவே கிடைத்துவிடும்.

குளச்சலிலிருந்து: கடற்கரைக்கு அருகில் இருக்கிறோம், ஐயா. எங்கள் வீட்டில் எந்த ஸ்குரூவும் துருப்பிடிக்கிறது.

இரும்பு ஸ்குரூ உங்களுக்கு இரட்டைக் கேடு, அக்கா. அது துருப்பிடிப்பதோடு, ஈரமான தேக்கில் உள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருங்கறையை உண்டாக்கும்; அந்தக் கறை துண்டில் ஏறினால் போகாது. துருப்பிடிக்காத எஃகிலும் 304 என்ற வகையைவிட 316 வகை உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும், ஏனெனில் அதில் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். கிடைக்காவிட்டால் பித்தளை வாங்குங்கள்.

கருங்கலிலிருந்து: கூரை மரத்துக்கு அடிக்கும் கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) எண்ணெயை ஏணிக்கும் அடிக்கலாமா?

கூடாது. சிதலுக்கு எதிராக அது சிறந்த காப்பு என்பதில் ஐயமில்லை, ஆனால் அந்த எண்ணெய் தோலைப் பொசுக்கிக் கொப்புளம் எழுப்பும் தன்மையுடையது. முகம் துடைக்கும் துணி படும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

பூதப்பாண்டியிலிருந்து: அப்படியானால் எந்தப் பூச்சு? ஆடி மாதத்தில் அடிக்கலாமா?

பாலியூரித்தேன் பூச்சு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே 320 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து அடியுங்கள். அடிப்பதற்கு முன் சட்டத்தின் கூர்மையான விளிம்புகளை உருட்டிவிட வேண்டும். கூர்முனையில் பூச்சு மெலிந்து முதலில் அங்கேதான் உரியும். மழை நாளில் மெலமைன் போன்ற பூச்சுகளில் காற்றின் ஈரம் படிந்து வெண்மை படர்வதுண்டு. நமக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் மழை தருவதால், தை முதல் பங்குனி வரையிலான வறண்ட நாட்களை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடித்து முடித்த பின் ஒரு வாரம் துண்டு போடாதீர்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: பனங்கட்டை?

பனையின் கறுப்பு நார் சிராயாக எழும்பித் துண்டின் இழையைப் பிடித்து இழுக்கும். கைக்கும் நல்லதல்ல.

இரணியலிலிருந்து: வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். சாய்த்து வைப்பது பாதுகாப்பானதா?

ஏணியைக் கண்டால் குழந்தை ஏறத்தான் செய்யும், எனவே சும்மா சாய்த்து வைப்பதை ஒருபோதும் ஏற்கமாட்டேன். மேல் முனைகள் இரண்டையும் எல் வடிவப் பித்தளைப் பட்டையால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். சுவரில் பதித்த ஓட்டில் (டைல்ஸில்) துளையிடும்போது டிரில்லின் அதிர்வு விசையை நிறுத்திவிட்டு, ஓட்டுக்கென்று விற்கும் பிட்டால் மெதுவாகத் துளைத்தால் ஓடு விரியாது. சுவரின் காரைப் பகுதியை எட்டிய பிறகு வழக்கமான பிட்டுக்கு மாறலாம். துளைக்குள் சிறிது சிலிக்கான் பசையை இட்டு அதன் பிறகு ஸ்குரூவைப் பிடிக்கும் பிளக்கைச் செருகினால் சுவருக்குள் நீர் இறங்காது.