ரேடியோவில் வந்த அந்தச் செய்தி

இயற்கையிடம் மாட்டிக்கொண்டு உயிர் பிழைக்கும் வெளிநாட்டுப் படங்களில் உங்களை உலுக்கியது எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு 'சொசைட்டி ஆஃப் த ஸ்னோ'. 2023ல் வந்த ஸ்பானிஷ் படம், நெட்ஃபிளிக்ஸில் பார்த்தேன். இயக்கியவர் பயோனா. 2004 சுனாமியை வைத்து 'தி இம்பாசிபிள்' எடுத்தாரே, அவரேதான்.

1972 அக்டோபர் 13 அன்று உருகுவே நாட்டு ரக்பி அணி ஒன்றை ஏற்றிக்கொண்டு சிலிக்குப் போன விமானம் ஆண்டிஸ் மலையில் விழுந்தது. உள்ளே 45 பேர். 72 நாள் கழித்து மீண்டவர்கள் 16 பேர். இறந்தவர்களின் உடலைத் தின்றுதான் பிழைத்தார்கள் என்பதையே எல்லோரும் பேசுவார்கள். படம் அதை மறைக்கவும் இல்லை, மசாலா தடவவும் இல்லை.

நான் பார்த்தது கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர் பக்கம் எங்கள் வீட்டில், மாமாவோடு. 2017 ஒக்கிப் புயலில் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு ராத்திரி கடலில் கிடந்தவர் அவர். சப்டைட்டில் ஆங்கிலத்தில் என்பதால் நான் பக்கத்தில் இருந்து கதை சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் அவருக்கு அது தேவைப்படவில்லை.

வானத்தில் ஒரு விமானம் போகும், கீழே எல்லோரும் கத்துவார்கள். நொறுங்கிய விமானத்தின் உடல் வெள்ளை, சுற்றிலும் பனியும் வெள்ளை. "அவன் பாக்கமாட்டான் மக்கா, மேல இருந்து ஒண்ணும் தெரியாது" என்றார் மாமா. பனியை வெயிலில் உருக்கிக் குடிக்கும் இடத்தில், "நமக்குச் சுத்தி வெள்ளம், குடிக்க மட்டும் வெள்ளம் இல்ல" என்று சிரித்தார். வால் பகுதியில் கிடைத்த வெப்பக்காப்புத் துணியைத் தைத்து உறக்கப் பை செய்கிறார்களே, அதை மட்டும் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். வலை பின்னுகிறவர் கண் அப்படித்தான் போகும்.

அப்புறம் அந்த ரேடியோக் காட்சி. எட்டு நாளில் தேடுதல் நிறுத்தப்பட்டது. மலையில் இருந்தவர்கள் அதைத் தங்கள் சின்ன ரேடியோவிலேயே கேட்கிறார்கள். இவர்கள் உயிரோடு இருக்கும்போது! அந்த இடத்தில் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஒக்கி அடித்த ஒரு வாரத்தில், தேடுவதை விடக்கூடாது என்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். இறங்கித் தேடினால் ஆள் இருப்பான் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தது.

கடைசியில் இரண்டு பேர் பத்து நாள் மலையில் நடந்து போய், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாடு மேய்ப்பவரைப் பார்ப்பதெல்லாம் நீங்களே பாருங்கள். கதை சொல்லும் குரல் யாருடையது என்பதையும் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பிழைத்த 16 பேரின் பெயர்களை ஒரு தகப்பன் வாசிக்கிறார். தேடுதல் நின்ற பிறகும் மகனைத் தேடி அலைந்த மனிதர் அவர். அந்த வேடத்தில் நடித்திருப்பது நிஜத்தில் பிழைத்து வந்த மகனே, கார்லிட்டோஸ் பாயஸ். லட்சத்தீவில் இத்தனை பேர், குஜராத்தில் இத்தனை பேர் என்று கரை சேர்ந்தவர்களின் பட்டியல் வரும்போதெல்லாம் எங்கள் கோவில் முற்றத்தில் கூடி நின்றது எனக்கு நினைவு வந்தது.

"மத்தவங்க பேரு வாசிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார் மாமா.

படம் நெடுக ஒவ்வொருவர் இறக்கும்போதும் பெயரும் வயதும் திரையில் வந்துகொண்டுதான் இருந்தன. வெறும் எழுத்துதானே என்று நான்தான் வாசிக்காமல் விட்டிருந்தேன். பின்னால் தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்துக் காட்டினேன். பெரும்பாலும் இருபது வயசுப் பிள்ளைகள். முடியும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது.