பிரசவ வலி வர ட்ரிப்ஸில் போடும் மருந்து என்ன? ஆபத்தானதா?

பிரசவ வலி வர உங்கள் அக்காவுக்கு ட்ரிப்ஸில் என்ன மருந்து ஏற்றினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் ஆக்ஸிடோசினாக இருக்கும். நம் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தானாகவே விடும் ஹார்மோன்தான். 1953-ல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ இதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். 1955-ல் நோபல் பரிசும் வந்தது.

ஆனால் எடுத்தவுடன் இதைப் போட்டால் பலன் குறைவு. கர்ப்பப்பை வாய் இறுகி இருந்தால் முதலில் ஜெல் வைத்து இளக்குவார்கள். அதில் இருப்பது புராஸ்டாகிளாண்டின், வேறு சரக்கு.

ட்ரிப்ஸை ஏன் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள்? ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு அளவுக்குத்தான் அசையும். அதனால் குறைவாக ஆரம்பித்து, அரைமணிக்கு ஒருமுறை போல ஏற்றுவார்கள். நர்ஸ் வயிற்றில் கைவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது இதற்குத்தான்: பத்து நிமிடத்தில் ஐந்து தடவைக்கு மேல் வலி வந்தால் குழந்தைக்குப் போகும் ஆக்ஸிஜன் குறையலாம். உடனே குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். நல்லவேளையாக, இந்த மருந்து ரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகிவிடும்.

முன்பு சிசேரியன் ஆனவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பப்பையில் போட்ட பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் உண்டு. கண்காணிப்பு இல்லாத இடத்தில், வீட்டில், இதைப் போட நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

குழந்தை பிறந்ததும் தாயின் தொடையில் போடும் ஊசியும் பெரும்பாலும் இதேதான், ரத்தப்போக்கைத் தடுக்க.