கணினி கேள்வி – பதில்: ஹார்ட் டிஸ்க் தகராறு செய்யும்போது

கேள்வி: வீட்டுக் கணினி அடிக்கடி உறைந்துவிடுகிறது. சில போட்டோக்களைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் வாசிக்க முடியவில்லை என்கிறது. கடைக்காரர் ஃபோர்மட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?
— வாசகி, ஹட்டன்

பதில்: ஃபோர்மட் வேண்டவே வேண்டாம். செக்டிஸ்க்கும் ஓட்டாதீர்கள். செக்டிஸ்க் ஃபைல் அமைப்பை ஒழுங்காக்கும் கருவி. அதற்காக உங்கள் படத்தையே வெட்டி எறியவும் அது தயங்காது. படங்கள் பத்திரமாக வெளியே வரும்வரை அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே தாளத்தில் ‘டிக், டிக்’ என்று அடித்து, பயோஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) டிஸ்க்கின் பெயரும் தெரியாமல் போனால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். வாசிக்கும் ஹெட் தன் தடத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கும் சத்தம் அது. ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தரவு பதிந்திருக்கும் தட்டின் மேற்பரப்பு கீறப்படலாம். அதன்பின் தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையம்தான் வழி. ‘மூடியைத் திறந்து பார்க்கிறோம்’ என்கிற கடையில் கொடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தெடுக்கும் பழைய வைத்தியமும் வேண்டாம். உள்ளே நீர் படியும்.

சத்தம் வழமைபோல இருந்தால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். அதில் கவனிக்க வேண்டியவை 05, சி5, சி6, சி7 ஆகிய நான்கு வரிகள். 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். சி5 வாசிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 திருத்த முடியாதவை, சி7 கேபிள் வழியே தரவு போகும்போது நேர்ந்த பிழைகள். அவற்றின் எண்ணிக்கையைக் காட்டும் மூலப் பெறுமானம் (Raw Values) பதினாறடி (ஹெக்ஸ்) எண்ணில் வரும். அங்கே 10 என்றால் பதினாறு. சி5 நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. மற்ற மூன்றும் பூச்சியமாக இருந்து சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றம் டிஸ்க்கில் இல்லை, டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளில். கேபிளை மாற்றியபின் அந்த எண் குறையாது; மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

சி5 ஏறியிருந்தால், இன்றியமையாத ஃபோல்டரை மட்டும் முதலில் வெளி டிஸ்க்கிற்கு நகல் எடுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகத் தெரிவு செய்தால் ஒரு கெட்ட ஃபைலிலேயே விண்டோஸ் முட்டி நிற்கும். அடிக்கடி அப்படி நின்றால் நகலெடுப்பதை விட்டுவிட்டு, சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடக்கி, கெட்ட பகுதிகளைத் தாண்டி முழு டிஸ்க்கையும் நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற கருவியை அதில் பயன்படுத்துங்கள். பழைய டிஸ்க்கின் அளவுக்குக் குறையாத புது டிஸ்க் ஒன்று வேண்டும். யூஎஸ்பி மாற்றியை விட, இரண்டையும் உள்ளே சாட்டாவில் மாட்டுவது நல்லது.

முதல் சுற்றை ‘மைனஸ் என்’ (-n) தெரிவுடன் ஓட்டினால் நல்ல பகுதிகள் சீக்கிரம் வந்துவிடும், முரண்டு பிடிப்பவை பின்னால் தள்ளப்படும். அடுத்த சுற்றில் ‘மைனஸ் டி, மைனஸ் ஆர் 3’ (-d -r3) என்று கொடுத்தால் மிச்சமுள்ள கெட்ட பகுதிகளை மூன்று தடவை மீண்டும் முயலும். எங்கே விட்டோம் என்பதை ஒரு மேப் ஃபைல் குறித்துக்கொள்ளும். அதை, பென் டிரைவிலிருந்து ஓடும் அந்த லினக்ஸின் தற்காலிக நினைவகத்தில் விட்டுவைத்தால் கரண்ட் போனதும் அதுவும் போய்விடும். தனிப் பென் டிரைவில் சேமியுங்கள். பழையது எது, புதியது எது என்பதைத் தொடரிலக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் உங்கள் படங்கள்மேல் எழுதப்படும், பிறகு மீட்பதற்கு எதுவுமில்லை.

கேள்வி: நுவரெலியாவின் குளிரும் உயரமும் ஹார்ட் டிஸ்க்கைக் கெடுக்குமா?
— வாசகர், நுவரெலியா

பதில்: உயரம் கெடுக்காது. ஹெட் காற்றுப் படலத்தில் மிதப்பதால் சாதாரண டிஸ்க்குகளுக்கு ஏறத்தாழ 3,000 மீற்றர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். குளிரும் தனியே பிரச்சினையல்ல. குளிர்ந்த டிஸ்க்கை வெப்பமான அறைக்குக் கொண்டுவந்த கையோடு இயக்குவதுதான் பிரச்சினை, நீர் படிந்திருக்கும். சில மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். டிஸ்க்கின் மேலுள்ள சிறு காற்றுத்துளையின்மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

மலையகத்தில் டிஸ்க்குகளுக்கு உண்மையான எதிரி மின்சாரம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒரு பகுதி அரைகுறையாக நின்று சி5இல் ஏறும். இது உடற்பழுதல்ல, அதே இடத்தில் திரும்ப எழுதினால் சரியாகலாம். மின்னழுத்தத்தைச் சீராக்கும் வசதியுள்ள 650 விஏ யூபிஎஸ் ஒன்று, ஒழுங்காக மூடுவதற்குத் தேவையான நிமிடங்களைத் தரும். ஆனால் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வரும் இடிமின்னலுக்கு அதை நம்ப வேண்டாம். பிளக்கையும் ரௌட்டரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி மாற்றிவிட்டேன். பழுதான பழைய டிஸ்க்கைப் பாட்டு, படம் வைக்கப் பயன்படுத்தலாமா?
— வாசகர், பண்டாரவளை

பதில்: தொலைந்தால் கவலைப்படாத பாட்டுகளுக்கு மட்டும். எஸ்எஸ்டியும் முன்னறிவிப்பே இல்லாமல் ஒருநாள் நின்றுவிடலாம். அதிலிருப்பதன் இன்னொரு நகலை வேறு டிஸ்க்கில் வைத்திருங்கள்.