மியூனிக்கில் தனியாள்: வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மியூனிக் வந்து நான்கு மாதம் ஆகிறது. வேலை நன்றாகப் போகிறது. ஆனால் வெள்ளி மாலை லேப்டாப்பை மூடினால் திங்கள் காலை வரை பேச ஆளில்லை. ஆபீஸில் சிரித்துப் பேசுகிறவர்கள் வெளியே கூப்பிட்டால் "பார்க்கலாம்" என்று நழுவுகிறார்கள். டேட்டிங் ஆப்பில் பதில் வருவதில்லை. வந்தாலும் முதல் சந்திப்பில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை. உங்களிடம் குறை இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஊரின் நடைமுறை வேறு, அவ்வளவுதான்.

நம் ஊரில் "மச்சான், கீழே நிக்கிறேன், வா" என்றால் பத்து நிமிஷத்தில் டீக்கடையில் இருப்போம். இங்கே அப்படி அழைத்தால் எதிராளிக்குச் சங்கடம். அவருடைய வார இறுதி இரண்டு வாரத்துக்கு முன்பே நிரம்பியிருக்கும். இங்கே நட்பே நாள் குறித்துத்தான் வளர்கிறது. அதனால் "எப்பவாவது போவோம்" என்று சொல்லாதீர்கள். அது மரியாதைக்குச் சொன்ன வார்த்தையாகவே காதில் விழும். "அடுத்த வாரம் வியாழன் மாலை ஆறரைக்கு ஹிர்ஷ்கார்டன் பியர்கார்டன் போகலாமா?" என்று நாள், நேரம், இடம் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள் (பியர்கார்டன் என்பது திறந்தவெளியில் மேஜை போட்ட பியர் கடை). வர முடியாதவர் வேறு நாள் சொன்னால் அவருக்கு விருப்பம் உண்டு. இரண்டு முறை கேட்டும் மாற்று நாள் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்டால் அன்று காலை மறுபடி கேட்கத் தேவையில்லை, அவர் வந்து நிற்பார். நீங்கள் ஐந்து நிமிஷம் தாமதம் என்றாலும் ஒரு மெசேஜ் போடுங்கள்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். வாரம் ஒரு புது மீட்டப்புக்குப் போய், ஒவ்வொன்றிலும் இருபது பேரிடம் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் புதிதாக வந்தவர்கள் செய்யும் பெரிய தவறு. யாரும் மனதில் தங்க மாட்டார்கள். ஒரே கிழமை, ஒரே இடம், ஒரே ஆட்கள் என்று மூன்று மாதம் போங்கள். முதல் மாதம் ஹலோ மட்டும்தான் இருக்கும். இரண்டாம் மாதம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாதம் பயிற்சி முடிந்து குடிக்கப் போகும்போது "நீயும் வாயேன்" என்பார்கள். இரண்டாம் வாரமே மனம் தளர்ந்து நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு அந்த மூன்றாம் மாதம் வருவதேயில்லை.

எங்கே போவது? ஃபெரைன் எனப்படும் சங்கங்கள்தான் இந்த நாட்டின் சமூக வாழ்க்கை. பேட்மிண்டன், வாலிபால், பாட்டு, செஸ் என்று எல்லாவற்றுக்கும் உண்டு. உங்கள் பேட்டைப் பெயரோடு விளையாட்டின் பெயரையும் போட்டுத் தேடி, "ப்ரோபெட்ரைனிங் (சோதனைப் பயிற்சி) உண்டா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பணம் கட்டாமல் ஒன்றிரண்டு முறை விளையாடிப் பார்க்க விடுவது வழக்கம். சேரும்போது விலகும் விதியைப் படியுங்கள். ஆண்டு இறுதியில் மட்டுமே, அதுவும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் விலக முடியும் என்று பல ஃபெரைன்களின் விதி இருக்கும். தனியார் ஜிம்முக்கு நிலைமை வேறு: 2022 மார்ச்சுக்குப் பிறகு போட்ட ஒப்பந்தம் தானாக நீண்டாலும் ஒரு மாத அறிவிப்பில் வெளியே வரலாம்.

மாநகராட்சியின் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே, அதாவது பெரியவர்களுக்கான பயிற்சிப் பள்ளி, இன்னொரு நல்ல வாசல். சமையல், மட்பாண்டம், புகைப்படம், ஜெர்மன் மொழி எல்லாம் கட்டுப்படியாகும் கட்டணத்தில் கிடைக்கும். பருவம் தொடங்குமுன் பதிவு செய்துவிடுங்கள், சமையலும் நடனமும் சீக்கிரம் நிரம்பிவிடும். நடன வகுப்பில் ஜோடியாகத்தான் வர வேண்டுமா என்று முதலில் பாருங்கள். சல்சா வகுப்புகளில் பெரும்பாலும் சில நிமிஷத்துக்கு ஒருமுறை ஜோடி மாற்றுவார்கள், தனியாகப் போகிறவருக்கு அது வசதி. ஆங்கிலத்திலேயே ஆபீஸ் ஓடினாலும் ஜெர்மனை நிறுத்தாதீர்கள். ஏ2 என்ற தொடக்க நிலையில் கடைக்காரரோடு பேசலாம். அதற்கு அடுத்த நிலையான பி1 வந்தால்தான் ஒரு மேஜையில் ஆறு பேர் சிரிக்கும்போது எதற்கென்று புரியும். தனிமை குறைவது அந்த இடத்தில்தான்.

தமிழ் அமைப்புகளின் பொங்கல் விழாவுக்குப் போங்கள், வாட்ஸாப் குழுவில் இருங்கள். காய்ச்சலில் படுத்தால் ரசம் கொண்டுவந்து தருபவர்கள் அவர்கள்தான். அதோடு மட்டும் நின்றுவிட்டால் ஐந்து வருஷம் கழித்தும் இந்த ஊர் உங்களுக்கு அந்நியமாகவே இருக்கும்.

இனி ஊர் சுற்றுவது. டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற, நாடு முழுக்கச் செல்லும் மாதப் பயணச்சீட்டு உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. அது சந்தா, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயில்களில் செல்லாது. வட்டார ரயில், எஸ்-பான் (புறநகர் ரயில்), யூ-பான் (சுரங்க ரயில்), பஸ் எல்லாவற்றிலும் செல்லும். சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரைக்கும்கூட வட்டார ரயிலில் போகலாம். ஆனால் அது ஆஸ்திரியா, வழியில் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் அட்டையும் கையில் இருக்கட்டும்.

முதல் மலைநடைக்கு டெகர்ன்ஸே நல்ல தேர்வு. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் சுமார். இறங்கி நொய்ரொய்ட் என்ற 1264 மீட்டர் உயர மலைவிடுதிக்கு நடந்தால், சாதாரண உடல்வாகுக்கு மேலே ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். புதியவர்கள் தவறுவது மலையில் அல்ல, ரயிலில். இந்தப் பாதையில் ஒரே ரயில் வழியில் துண்டாகப் பிரியும்; ஒரு பகுதி டெகர்ன்ஸேவுக்கு, இன்னொன்று லெங்ரீஸுக்கு, வேறொன்று பைரிஷ்செல்லுக்கு. ஹோல்ஸ்கிர்ஷனிலும் ஷாஃப்ட்லாஹிலும் கழற்றுவார்கள். ஏறுமுன் உங்கள் பெட்டியின் பலகையில் எழுதிய ஊரைப் படியுங்கள். நண்பர்கள் ஏறிய பெட்டிதானே என்று ஓடி ஏறினால் வேறு பள்ளத்தாக்கில் போய் இறங்குவீர்கள். மலைவிடுதியில் கார்டு வேலை செய்யாமல் போகலாம், 30 யூரோ ரொக்கம் வையுங்கள். பிடிப்புள்ள காலணி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு மழைச்சட்டை வேண்டும். மலைப்பாதையின் மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் நீலப் புள்ளி என்றால் பாதை எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். கறுப்பை இந்த வருஷம் மறந்துவிடுங்கள். மலையில் ஆபத்து என்றால் 112. தொடர்ந்து போவதாக முடிவு செய்தால் ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தின் மியூனிக் பிரிவுகளில் சேருங்கள். குழு நடைகளும் உண்டு, மீட்புக் காப்பீடும் சேர்ந்தே வரும்.

செலவு குறைந்த ஞாயிறு வேண்டுமா? ஆல்ட்டே பினகோதெக், நவீனக் கலைக்கான பினகோதெக், பிராண்ட்ஹோர்ஸ்ட் அருங்காட்சியகம் மூன்றுக்கும் ஞாயிற்றுக்கிழமை நுழைவு தலைக்கு 1 யூரோ. பியர்கார்டனில் விரிப்பு போடாத மேஜைகளில் வீட்டுச் சாப்பாட்டைத் திறந்து வைத்து உண்ணலாம். பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் பழைய உரிமை இது, யாரும் முறைக்க மாட்டார்கள். எலுமிச்சை சாதமும் சுண்டலும் கொண்டு போங்கள், பக்கத்து மேஜையோடு பேச்சு தானாகத் தொடங்கும். மது வேண்டாம் என்றால் ஆப்பிள்சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே கேளுங்கள். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் துருவுவதில்லை. கோப்பைக்காக நீங்கள் கட்டிய ஃபாண்ட் என்ற முன்பணத்தைத் திருப்பி வாங்க மறக்காதீர்கள்.

ஆபீஸ் நண்பர்கள் சானா என்ற வெப்பக் குளியலறைக்கு அழைத்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ஆண்களும் பெண்களும் சேர்ந்து, உடையின்றி இருப்பார்கள். நீச்சலுடைக்கு உள்ளே அனுமதி இல்லாத இடங்களே அதிகம். வியர்வை மரப்பலகையில் படாதபடி உடலுக்கு அடியில் பெரிய துண்டு விரிக்க வேண்டும். ஃபோன் கூடாது, உற்றுப் பார்ப்பது கூடாது. கூச்சமாக இருந்தால் "எனக்குச் சரிவராது" என்று சொல்லிவிடலாம், யாரும் வருத்தப்படுவதில்லை.

பிறந்தநாள் விஷயத்தில் இரண்டைக் கவனியுங்கள். ஒரு நாள் முன்பே வாழ்த்துவதை இங்கே அபசகுனமாக நினைப்பார்கள். பிறந்தநாள்காரர்தான் ஆபீஸுக்குக் கேக் கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் வாங்குவார்கள் என்று காத்திருந்தால் அந்த நாள் சத்தமில்லாமல் போய்விடும்.

டேட்டிங்குக்கு வருவோம். டிண்டர், பம்பிள், ஹிஞ்ச் மூன்றும் இங்கே புழக்கத்தில் உள்ளன. உங்களுக்குப் பதில் வராததற்குப் பெரும்பாலும் படமும் முதல் வரியும்தான் காரணம். குளிர்கண்ணாடியில் ஒன்று, கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஒன்று, கார் பக்கத்தில் ஒன்று என்றிருந்தால் எடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் முகம் தெளிவாக ஒன்று, முழு உருவம் ஒன்று, ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது ஒன்று போதும். அறிமுகத்தில் ஜெர்மன் எந்த நிலை என்று உண்மையைச் சொல்லுங்கள். வெறும் "ஹாய்" அனுப்பாமல் அவர் எழுதியதில் ஒன்றைப் பிடித்துக் கேள்வி கேளுங்கள். ஒரு வாரப் பேச்சுக்குள் சந்திப்பை முன்வையுங்கள். மாதக்கணக்கில் சாட் செய்தால் ஆர்வம் வடிந்துவிடும். நிறத்தையும் பெயரையும் பார்த்தே ஒதுக்குகிறவர்களும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அதை உங்கள் மதிப்பின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஆப்பைத் திறக்காதீர்கள்.

முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் போதும், பகலில், பொது இடத்தில். ரைஹன்பாக் பாலத்தருகே ஈஸார் ஆற்றங்கரை நடை, கையில் காபி. இதைவிட நல்ல ஏற்பாடு இந்த ஊரில் இல்லை என்பது என் கருத்து. உணவகம் என்றால் முடிவில் "சேர்த்தா, தனித்தனியா?" என்று பரிமாறுபவர் கேட்பார். தனித்தனி என்பது இயல்பு, கஞ்சத்தனம் அல்ல. நீங்கள் கொடுக்க விரும்பினால் ஒருமுறை சொல்லுங்கள், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம்: பில் 17.60 என்றால் கார்டை வைப்பதற்கு முன்பே "19" என்று சொல்லிவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன். மறுத்தவரை விடாமல் சுற்றினால் மனம் இளகும் என்று நம் சினிமா நம்மைப் பழக்கியிருக்கிறது. இங்கே "நைன்" (வேண்டாம்) என்றால் அத்தோடு முடிந்தது. பதில் வராததும் மறுப்புதான். தொடர்ந்து மெசேஜ் அனுப்புவது, வீட்டருகே நிற்பது எல்லாம் குற்றவியல் சட்டம் 238ஆம் பிரிவில் வரும். 2016இல் திருத்திய சட்டப்படி, ஒருவர் விருப்பமில்லை என்று காட்டிய பிறகு தொடும் பாலியல் தொடுகை எதுவும் குற்றம். அவர் போராடியிருக்க வேண்டிய அவசியமில்லை. குழப்பமாக இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதை இங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை.

நான்கைந்து சந்திப்பு ஆகிவிட்டால் ஜோடி ஆகிவிட்டோம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவர் வேறொருவரையும் சந்தித்துக்கொண்டிருக்கலாம். பேசாதவரை அது துரோகம் இல்லை. "நாம் இருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு முடிவு செய்யுங்கள். ஊரில் வரன் பார்க்கிறார்கள் என்றால், மூன்றாவது சந்திப்புக்குள் அதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு வருஷம் பழகிவிட்டு "அம்மா ஒப்புக்கொள்ளவில்லை" என்று விலகுவது பெரிய அநியாயம்.

உடல்நலத்தில் வெட்கம் வேண்டாம். அவசரக் கருத்தடை மாத்திரை 2015 முதல் மருந்துச்சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கிடைக்கிறது. எச்ஐவி பரிசோதனையைப் பெயர் சொல்லாமலே சுகாதாரத் துறையில் செய்துகொள்ளலாம்.

மோசடியும் உண்டு. இரண்டாம் நாளே வாட்ஸாப்புக்கு இழுப்பவர், முதலீட்டு யோசனை சொல்பவர், வீடியோவில் உடை களையச் சொல்பவர், இந்த மூவரோடும் பேச்சை உடனே நிறுத்துங்கள். படத்தை வைத்து மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு போலீஸின் இணையப் புகார்ப் பக்கத்தில் பதியுங்கள். இதைப் படிக்கும் தங்கைகளுக்கு: 116 016 பெண்களுக்கான உதவி எண், கட்டணமில்லை, இரவும் பகலும் பல மொழிகளில் பேசுவார்கள். பல நகரங்களின் பார்களில் "லூயிசா இங்கே இருக்கிறாரா?" என்று ஊழியரிடம் கேட்டாலே பாதுகாப்பாக வெளியேற உதவுவார்கள்.

கிளப் வாசலில் இனத்தைக் காரணம் காட்டித் தடுப்பது 2006ஆம் ஆண்டின் சம நடத்தைச் சட்டத்துக்கு எதிரானது. இழப்பீடு கேட்க இரண்டு மாதம்தான் கெடு. நேரம், சொன்ன வார்த்தை, சாட்சி மூன்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள்.

கடைசியாகக் குளிர்காலம். டிசம்பரில் நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதங்களில் மனம் கனப்பதற்கு வெளிச்சக் குறைவும் ஒரு காரணம். மதிய இடைவேளையில் அரை மணி நேரம் வெளியே நடங்கள். பவேரியாவில் கடைகள் இரவு 8 மணிக்கு மூடிவிடும், ஞாயிறு திறக்காது. டிசம்பர் 24 அன்று மதியம் 2 மணிக்கே மூடும். 2026இல் 25 வெள்ளி, 26 சனி, இரண்டும் விடுமுறை, 27 ஞாயிறு. ஆகவே வியாழன் மதியத்திலிருந்து திங்கள் காலை வரை கடை இல்லை, ஜெர்மன் நண்பர்கள் எல்லோரும் பெற்றோர் வீட்டில் இருப்பார்கள். அரிசி, பருப்பு, காய், மாத்திரை எல்லாம் 23ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போகாத மூன்று நான்கு பேரை நவம்பர் நடுவிலேயே பிடித்து, 25ஆம் தேதி மதியச் சாப்பாடு யார் வீட்டில், யார் என்ன கொண்டு வருவது என்று பேசி முடித்துவிடுங்கள்.